முதியவர்களைத் தேடிப் பிடிக்கும் நோய்: நாம் எதற்கு ஆயத்தமாக இருக்கிறோம்?

மழை ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வத்தேகமயில் எந்த வீட்டுக்குப் போனாலும் தடிமன், இருமல், காய்ச்சல். பாமசியில் பனடோலும் இருமல் பாணியும் வாங்க நிற்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றைத்தான்: "எல்லாருக்கும் வந்திருக்கிற அதே காய்ச்சல்தான்."

அதே காய்ச்சல்தான் என்பதில் பிழையில்லை. ஆனால் நான் அறிந்த ஒரு வீட்டில் ஏழு வயதுப் பேரன் இரண்டு நாள் படுத்தான், மூன்றாம் நாள் பந்தும் மட்டையுமாக ஒழுங்கைக்கு வந்துவிட்டான். அவனுடைய வாப்பா இருமிக்கொண்டே கடையைத் திறந்தார். 76 வயது உம்மும்மா மட்டும் கண்டி வைத்தியசாலையில் ஒட்சிசன் குழாயுடன் படுத்திருக்கிறார். வைரஸ் ஒன்று, வீடு ஒன்று, குடித்த தண்ணீரும் ஒன்று. வேறுபட்டது வயது மட்டும்தான்.

நான் வைத்தியர் அல்ல. பல வருடங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன். கொவிட் காலத்தில் நாம் இவ்வளவு விலை கொடுத்துக் கற்ற பாடத்தை இத்தனை சீக்கிரம் மறந்துவிட்டோமே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

2021 ஓகஸ்ட், செப்டம்பர் மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இரவும் அரசாங்க தகவல் திணைக்களத்தின் அறிக்கை வட்ஸ்அப் குழுமங்களில் வந்து விழும். மரணித்தவர்களை அது மூன்றாகப் பிரித்துக் காட்டும்: 30 வயதுக்குக் கீழ், 30 முதல் 59 வரை, 60 வயதும் அதற்கு மேலும். டெல்டா திரிபு உச்சத்தில் இருந்த நாட்களில் ஒரே நாளில் 200க்கும் மேற்பட்ட மரணங்கள் அறிவிக்கப்பட்டன. ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு நாட்டையே மூடினார்கள். ஒக்டோபர் 1ஆம் திகதிதான் திறந்தார்கள். அந்த நாட்களின் எந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தாலும் மூன்றாவது வரியில்தான் பெரிய எண் நிற்கும். நாம் மொத்த எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டோம். மூன்றாவது வரி சொன்னதை வாசிக்கவில்லை.

அது சொன்னதை உலகளவில் கணக்கிட்டவர்கள் இருக்கிறார்கள். தடுப்பூசி வருவதற்கு முன், 2020ஆம் ஆண்டிலேயே, பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து ஓர் ஆய்வு வெளியானது. அதன்படி 25 வயதில் தொற்றுக்குள்ளாகும் 10,000 பேரில் ஏறக்குறைய ஒருவர் மரணிக்கிறார். 55 வயதில் 250 பேருக்கு ஒருவர். 65 வயதில் 70 பேருக்கு ஒருவர். 75 வயதில் 22 பேருக்கு ஒருவர். 85 வயதில் ஏழு பேருக்கு ஒருவர். பத்து வயது கூடும்போது ஆபத்து மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. வேறெந்தக் காரணியும் இந்த அளவுக்கு ஆபத்தைக் கூட்டுவதில்லை.

இந்தக் கணக்கில் "60" என்று ஒரு கோடு எங்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள். 59 வயதுக்காரர் பாதுகாப்பானவர், 60 ஆனதும் ஆபத்தில் விழுகிறார் என்பதெல்லாம் படிவம் நிரப்புபவர்களின் வசதிக்கு வைத்த எல்லை. ஆபத்து ஒரு சரிவுப் பாதை போலத்தான் ஏறுகிறது. அந்த ஆய்வு பெரும்பாலும் செல்வந்த நாடுகளின் தரவுகளில் செய்யப்பட்டது. எம்மைப் போன்ற நாடுகளில் அதே வயதுக்கு மரண ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று 2022இல் வந்த மற்றொரு ஆய்வு காட்டியது. காரணங்கள் பல. அதில் ஒன்று எமது சமையலறையிலேயே இருக்கிறது. இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சீனி வியாதி உள்ளவர்கள். அடையாள அட்டையில் 55 என்று இருக்கலாம். இருபது வருடம் கட்டுப்பாடில்லாத சீனியும் பிரஷரும் உள்ள உடம்புக்கு வயது அதைவிடக் கூட. வலீமா விருந்துகளில் நாம் பரிமாறுவதை வைத்துப் பார்த்தால், எமது ஊர்களில் பலர் பத்து வருடம் முந்தியே முதுமைக்குள் போய்விடுகிறார்கள்.

ஏன் வயது இப்படி வேலை செய்கிறது? வகுப்பில் மாணவர்கள் கேட்டால் நான் இப்படித்தான் விளக்குவேன். மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. புதிய எதிரியை அடையாளம் காணும் டி கலங்களைப் பயிற்றுவிக்கும் பள்ளிக்கூடம் அது. சிறுபிள்ளையில் பெரிதாக இருக்கும்; பருவ வயதுக்குப் பிறகு சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடும். எனவே முதியவரின் உடம்பில் பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் கலங்கள் நிறைய, புதிதாக வரும் ஒன்றைக் கற்கும் கலங்கள் குறைவு. முன்பு கண்டிராத வைரஸ் வந்தால் அங்குதான் இடறுகிறது.

இரண்டாவது இன்டர்பெரோன். வைரஸ் நுழைந்த முதல் மணித்தியாலங்களில் கலங்கள் எழுப்பும் அபாயச் சங்கு அது. சிறுவர்களின் மூக்குச் சவ்வில் இந்தச் சங்கு ஏற்கெனவே பாதி ஊதிய நிலையில் ஆயத்தமாக இருப்பதை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். முதியவர்களில் அது தாமதமாக ஒலிக்கிறது. போதாததற்கு 70 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேரளவில், தமது இன்டர்பெரோனையே தாக்கி முடக்கும் பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் இருப்பதும் தெரியவந்தது. கொவிட்டால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 80 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐந்தில் ஒருவரிடம் அவை காணப்பட்டன. தாங்கள் அப்படி இருப்பது அவர்களில் எவருக்கும் முன்பே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆரம்பத்தில் தடுக்க முடியாத உடம்பு பிந்தி எழுந்து அளவுக்கு மீறிப் போராடுகிறது. நுரையீரல் வீங்கி நீர் கோர்ப்பது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். முதுமையில் நெஞ்சுக்கூடு இறுகியிருக்கும், இருமிச் சளியை வெளியேற்றும் பலமும் குறைவு. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

வயது என்றாலே முதுமை என்று நினைத்துவிடவும் கூடாது. கொவிட் சிறுபிள்ளைகளைப் பெரும்பாலும் விட்டு வைத்தது, அல்ஹம்துலில்லாஹ். அதை வைத்து "சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாது" என்று பலர் முடிவெடுத்துவிட்டார்கள். ஆர்எஸ்வி என்று ஒரு வைரஸ் இருக்கிறது. எங்களுக்கு அது வெறும் தடிமன். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அது மூச்சுத் திணறல். காரணம் எளிமையான பௌதிகவியல்: குழாயின் ஆரை பாதியானால் காற்றோட்டத்துக்கான தடை 16 மடங்காகும். எங்கள் மூச்சுக் குழாயில் ஒரு மில்லிமீற்றர் வீக்கம் தெரியாமலே போகும். குழந்தையின் குழாயில் அது கதவை அடைப்பதற்குச் சமன். உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ ஒரு இலட்சம் பிள்ளைகள் ஒரு வருடத்தில் ஆர்எஸ்வியால் மரணிப்பதாக 2019ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் 97 வீதத்துக்கு மேற்பட்டோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளின் பிள்ளைகள். எமது நாட்டில் 2018 மே மாதம் தென் மாகாணத்தில் பரவிய சுவாச வைரஸ்களால் சிறு குழந்தைகள் பலர் மரணித்து, அங்கே ஆரம்ப வகுப்புகளை மூட வேண்டி வந்ததும் நினைவிருக்கலாம்.

1918இன் இன்புளுவென்சா இதற்கு நேர்மாறு. இலங்கை உட்பட உலகெங்கும் அது 20 முதல் 40 வயது வரையான திடகாத்திரமானவர்களை அள்ளிச் சென்றது. 2009இல் பரவிய எச்1என்1 காய்ச்சலில் முதியவர்கள் ஓரளவு தப்பினார்கள். 1957க்கு முன் பிறந்தவர்கள் அதன் உறவுக்கார வைரஸ்களைச் சிறுவயதிலேயே சந்தித்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு வைரஸும் தனக்கென ஒரு வயதுக் கணக்கோடு வருகிறது. 2025 ஜனவரியில் எச்எம்பிவி என்ற பெயர் பரவி எமது குழுமங்கள் அல்லோலகல்லோலப்பட்டபோது, "இது யாரைத் தாக்கும்?" என்ற கேள்வியைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. அது 2001இலேயே அடையாளம் காணப்பட்ட பழைய வைரஸ். சிறு குழந்தைகளையும் முதியவர்களையும்தான் சிரமப்படுத்தும். கேட்டிருந்தால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

இனி அரசியலுக்கு வருகிறேன். தடுப்பூசி வரிசை என்பது வயதைப் பற்றிய ஓர் அரசியல் தீர்மானம். பிரித்தானியா முதியோர் இல்லங்களிலிருந்தும் 80 வயதுக்கு மேற்பட்டவர்களிலிருந்தும் ஆரம்பித்துப் படிப்படியாகக் கீழே இறங்கியது. இந்தோனேசியா, உலகின் மிகப் பெரிய முஸ்லிம் நாடு, உழைக்கும் வயதினரிலிருந்து ஆரம்பித்தது. தன்னிடமிருந்த சீனத் தடுப்பூசி முதியவர்களில் போதியளவு பரிசோதிக்கப்படவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இலங்கையில் 2021 ஜனவரி 29ஆம் திகதி சுகாதார ஊழியர்களோடு ஆரம்பித்தோம். பெப்ரவரியில் மேல் மாகாணத்தின் ஆபத்தான பகுதிகளில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போட ஆரம்பித்தார்கள். நடமாடுபவர்கள்தான் பரப்புகிறார்கள் என்ற வாதம் அதன் பின்னால் இருந்தது. முதியவர்களுக்கே முதலில் கொடுங்கள் என்று வைத்தியர் சங்கங்கள் வற்புறுத்தின. கையில் இருந்ததோ சில இலட்சம் டோஸ்கள். அவற்றைக் கொண்டு பரவலை நிறுத்த முடியாது. மரணத்தைக் குறைத்திருக்க முடியும். என் பார்வையில் அந்த ஆண்டின் மிகப் பெரிய பிழையான தீர்மானம் அதுதான்.

கண்டி மாவட்டத்துக்கு வேறொரு சோதனை வந்தது. இங்கே பலருக்கு முதலாவது டோஸாக ரஷ்யாவின் ஸ்புட்னிக் வி போடப்பட்டது. அதன் இரண்டு ஊசிகளும் ஒன்றல்ல. வெவ்வேறு வைரஸ்களைக் கொண்டு தயாரிக்கப்படுபவை. இரண்டாவது வகை வந்து சேராமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் டெல்டா வந்தது. ஓகஸ்ட்டில் இறந்த முதியவர்களில் பெரும்பாலானோர் தடுப்பூசி பெறாதவர்கள் என்று சுகாதார அதிகாரிகளே அன்று சொன்னார்கள். நாட்டின் பெரும்பான்மையோருக்குக் கிடைத்த சினோபார்ம் 60 வயதைக் கடந்தவர்களில் சற்றுக் குறைவாகவே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குவதை, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் பேராசிரியை நீலிகா மலவிகேயின் குழு காட்டியது. அதே ஆண்டு ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் சீனத் தடுப்பூசி பெற்ற முதியவர்களுக்கு மூன்றாவது டோஸ் வேண்டும் என்றது.

முஸ்லிம்களாகிய எங்களுக்கு இந்தக் கதையில் வேறொரு அத்தியாயமும் உண்டு. 2020 மார்ச் இறுதியில் நீர்கொழும்பில் முதலாவது முஸ்லிம் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் எரிப்பு கட்டாயமானது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே சொல்லியிருந்தது. பேராசிரியை ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழுவும் இலங்கை மருத்துவ சங்கமும் பின்னர் அதையே சொன்னார்கள். டிசம்பரில் இருபது நாள் பாலகன் ஒருவனின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதியிட்ட வர்த்தமானியில்தான் அது மாறியது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் நல்லடக்கம் நடந்தது. அங்கு 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள். அவர்களில் ஏனைய மதத்தவர்களும் உள்ளனர். எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று 2024 ஜூலையில் மன்னிப்புக் கோரிய அமைச்சரவையின் பத்திரம் சொன்னது.

இதை உரிமைப் பிரச்சினையாக நாம் நிறையப் பேசிவிட்டோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அது வயதுப் பிரச்சினையும்கூட என்பதை எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. எரிப்புக்குப் பயந்தவர்கள் யார்? இளைஞர்கள் அல்ல. மௌத்தை அடுத்த வாசலில் வைத்துக்கொண்டு, தன் கப்று எங்கே இருக்கும் என்று யோசிக்கும் வயதுக்காரர்கள். 2021 ஜனவரியில் எனது மாமிக்கு வயது 78. காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. அஸரை முடித்துவிட்டு உடனேயே மஃரிப் தொழ நின்றார். சாப்பாடு வேண்டாம் என்றார். விரலில் மாட்டிப் பார்த்தபோது ஒட்சிசன் 89. "வைத்தியசாலைக்குப் போவோம்" என்றதும் அவர் சொன்ன வார்த்தை: "வேணாம் மகன், என்னைய எரிச்சிருவாங்க." இரண்டு நாள் மன்றாடித்தான் கொண்டுபோனோம். அல்லாஹ்வின் உதவியால் தப்பினார். எல்லா வீடுகளிலும் அப்படி முடியவில்லை. எந்த வயதினருக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியமோ, அந்த வயதினரைத்தான் அந்தக் கொள்கை வைத்தியசாலையிலிருந்து விரட்டியது. 276 என்ற கணக்கில் அவர்கள் இல்லை. வீட்டில் மூச்சுத் திணறி, பரிசோதிக்கப்படாமல் போனவர்களை எந்தப் பத்திரமும் எண்ணவில்லை.

மாமியின் கதையில் மருத்துவ ரீதியாகவும் கவனிக்க ஒன்று இருக்கிறது. முதியவர்களில் நோய் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வருவதில்லை. உடல் வெப்பத்தை ஏற்றும் ஆற்றல் குறைவதால் கடும் தொற்றிலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். தொழுகையின் ரக்அத் மறப்பது, திடீரென்று குழப்பமாகப் பேசுவது, விழுந்துவிடுவது, இரண்டு வேளை சாப்பிடாதிருப்பது, காரணமின்றித் தூங்கிக்கொண்டே இருப்பது, இவையே அவர்களுக்கு நூற்று மூன்று பாகைக் காய்ச்சலுக்குச் சமன். "வயசு போனா அப்படித்தான்" என்று நாம் கடந்து போகும் ஒவ்வொன்றும் நிமோனியாவின் முதல் அடையாளமாக இருக்க முடியும். கைக்குழந்தை என்றால் பால் குடிக்க மறுப்பதும், மூச்சு விடும்போது விலாவுக்கு இடையில் தோல் உள்ளே இழுபடுவதும். அப்போது இருமல் பாணி தேடிக்கொண்டிருக்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

உலகம் இந்த வயதுக் கணக்கை எவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்டது என்பதற்கு ஹஜ்ஜே சாட்சி. 2021இல் சவூதி அரேபியா உள்நாட்டில் வசிப்போரில் 18 முதல் 65 வயது வரையானவர்களுக்கு மட்டுமே அனுமதி கொடுத்தது. 2022இல் பத்து இலட்சம் பேருக்குத் திறந்தபோதும் 65 வயதுக்குக் குறைந்தவர்கள் என்ற நிபந்தனை இருந்தது. வாழ்நாள் முழுவதும் காசு சேர்த்து, பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டுப் போகலாம் என்றிருந்த எத்தனையோ பேர் அந்த ஒரு வரியில் நின்றுவிட்டார்கள். 2023இல் அந்த எல்லை நீக்கப்பட்டபோது சிலர் உயிரோடு இல்லை. எமது ஊர்களில் ஹஜ்ஜை எழுபது வயதுவரை தள்ளிப்போடும் வழக்கத்தைப் பற்றி ஆலிம்கள் பேசுவது நல்லது. கூட்டத்தில் தொற்றும் சுவாச நோய்க்கு எழுபது வயது உடம்பு முப்பது வயது உடம்பு போல முகம் கொடுக்காது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? இலங்கையின் சுகாதார சேவையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது தாய்க்கும் பிள்ளைக்குமாகக் கட்டப்பட்டது. ஒரு பெண் கர்ப்பம் தரித்தால் அந்தப் பகுதி மிட்வைபின் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். குழந்தை பிறந்தால் வீடு தேடி வருவார். எடை பார்ப்பார், ஊசித் திகதி சொல்வார். எழுபது வயது விதவை தனியாக இருக்கும் வீட்டுக்கு அப்படி எவர் வருகிறார்? 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 வீதம். அந்தப் பங்கு கூடிக்கொண்டே போகிறது. எங்கள் பிள்ளைகள் கட்டாரிலும் டுபாயிலும் இருக்கிறார்கள். மாடி வீடு கட்டியாகிவிட்டது, உள்ளே இருமிக்கொண்டிருப்பது உம்மாவும் வாப்பாவும் மட்டும்.

இன்புளுவென்சா தடுப்பூசி தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் பெரும்பாலானோர் போட வேண்டியிருக்கிறது. அது முதியவர்களில் இளையவர்களில் போல முழுமையாக வேலை செய்யாது, ஆனால் வைத்தியசாலைக்குப் போகும் நிலையையும் மரணத்தையும் குறைக்கிறது. எமது நாட்டில் இன்புளுவென்சா பொதுவாக ஏப்ரல் முதல் ஜூன் வரையும், நவம்பர் முதல் ஜனவரி வரையும் என இரண்டு தடவை ஏறுகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பே சீனி, பிரஷர், இருதய கிளினிக்குகளுக்கு வரும் முதியவர்களுக்கு இலவசமாகப் போடுவதற்கான செலவையும், அவர்களைப் பின்னர் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கும் செலவையும் சுகாதார அமைச்சு ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று. ஆர்எஸ்விக்கு எதிராகக் கர்ப்பிணித் தாய்க்குப் போடும் தடுப்பூசியும் 2023 முதல் உலகில் பாவனையில் இருக்கிறது. அது இங்கு எப்போது வரும் என்பது இரண்டாவது கேள்வி.

அரசாங்கத்தைக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஊரே திரண்டுபோய், தடிமனோடு குழந்தையைத் தூக்கி முத்தமிடுவதை நாற்பது நாளுக்காவது நிறுத்தலாம். எவரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை. இருமலோடு இருக்கும் இளைஞர் ஜும்ஆவுக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு, கதிரை போட்டுத் தொழும் முதியவர்களின் வரிசையிலிருந்து தள்ளி நிற்கலாம். பாடசாலையிலிருந்து காய்ச்சலோடு வரும் பிள்ளையை உம்மும்மாவின் கட்டிலில் தூங்க வைக்காதிருக்கலாம். எஞ்சியிருக்கும் பழைய அன்டிபயோட்டிக் குளிசையைக் கொடுப்பதில் பயனில்லை. வைரஸுக்கு அது வேலை செய்யாது.

ஒவ்வொரு ரமழானிலும் பள்ளிவாசல் நிர்வாகங்கள் உலருணவுப் பொதிக்காக வீட்டு வாரியான பட்டியல் தயாரிக்கின்றன. வத்தேகம, மடவளை, அக்குறணை எங்கும் அந்தப் பட்டியல் இருக்கிறது. அதில் நான்கு நிரல்கள் கூட்டினால் போதும்: வீட்டில் 70 வயதைக் கடந்தவர் இருக்கிறாரா, சீனியோ இருதய நோயோ உண்டா, தனியாக இருக்கிறாரா, இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது. பள்ளிவாசலில் ஒரு ஒக்ஸிமீற்றரும், அதை எடுத்துக்கொண்டு போக இரண்டு இளைஞர்களும், ஒரு முச்சக்கரவண்டியும் இருந்தால் இந்த மழைக்காலத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிடலாம்.